பிளஸ் டூவுக்குப் பிறகு இரண்டு வருஷம்

சாயங்காலம் நாலு மணி ஆனால் எங்கள் தெருவில் பூக்காரம்மாவின் குரல் கேட்கும். கிருஷ்ணகிரிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து கூடையைத் தூக்கிக்கொண்டு டவுன் பஸ்ஸில் வருவாள். பத்து வருஷப் பழக்கம். அவள் வீட்டு நல்லது கெட்டது எனக்குத் தெரியும், என் வீட்டு விஷயமும் அவளுக்குத் தெரியும்.

2023 மே 8-ஆம் தேதி, பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று, கூடையில் பூவோடு ஒரு கல்கண்டுப் பொட்டலமும் இருந்தது.

"அக்கா, முதல்ல வாயத் திறங்க! பொண்ணு பாஸாயிட்டா. நானூத்தி எழுபத்தொண்ணு!"

எனக்கும் சந்தோஷம். அந்தப் பெண்ணைச் சின்ன வயசிலிருந்து பார்த்து வருகிறேன். லீவு நாட்களில் அம்மாவோடு வந்து எங்கள் திண்ணையில் உட்கார்ந்து கணக்குப் போடுவாள். ஆனால் பூக்காரம்மா அடுத்துச் சொன்னது வேறு.

"எங்க ஓரகத்தி மவளும் பாஸு. ரெண்டு பேரையும் வர்ற திங்கக்கிழமை கம்பெனியில சேத்துடலாம்னு இருக்கோம். ஊருக்குள்ளயே வேன் வருதுக்கா. மாசம் பன்னெண்டாயிரமாம். நீங்க என்ன சொல்றீங்க?"

சட்டென்று பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "படிக்க வை" என்று சொல்வது சுலபம். அவள் புருஷனுக்கு இடுப்பில் அடிபட்டுக் கனமான வேலைக்குப் போக முடியாது. மகளிர் குழுவில் வாங்கிய கடன் இருக்கிறது. அடுத்து ஒரு பையன் ஒன்பதாவது படிக்கிறான். மாதம் ரூ.12,000 என்பது அந்த வீட்டுக்குப் பெரிய பணம். "ரெண்டு நாள் பொறு, விசாரிச்சுச் சொல்றேன்" என்றேன்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் என் சொந்தக் கதை. நான் பிளஸ் டூ முடித்தது 1985-இல். தமிழ்நாட்டில் பிளஸ் டூ படிப்பு வந்ததே 1978-இல்தான். அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் அது பெரிய படிப்பு. "பொம்பளப் பிள்ளைக்கு இது போதும்" என்று அப்பா சொன்னார், அம்மா பேசாமல் இருந்தாள். அடுத்த வருஷமே கல்யாணம். பிற்பாடு என் கணவருக்கு உடம்பு சரியில்லாமல் எட்டு மாதம் சம்பளமில்லாத லீவில் இருந்தபோது, வேலை தேடி நாலு இடம் ஏறி இறங்கினேன். எல்லா இடத்திலும் ஒரே கேள்வி: "பிளஸ் டூவுக்கு மேல என்ன படிச்சிருக்கீங்க?" அப்பா மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அம்மா அன்றைக்கு ஒரு வார்த்தை பேசியிருக்கலாமே என்று இன்றைக்கும் தோன்றும்.

மெஷின் நின்றால் யார் வருகிறார்கள்?

எங்கள் எதிர் வீட்டு மாடியில் குடியிருக்கும் ஒரு பெண் ஓசூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருக்கிறாள். மறுநாள் அவளைக் கூப்பிட்டுக் காப்பி கொடுத்து விஷயத்தைக் கேட்டேன்.

"ஆன்ட்டி, லைன்ல உட்கார்ற பொண்ணுங்க முக்கால்வாசிப் பேர் சுத்துப்பட்டு ஊருப் பொண்ணுங்கதான். கை வேகம், கண்ணு கூர்மை, ஒரு குறை சொல்ல முடியாது. ஆனா மெஷின் நின்னுட்டா கையைக் கட்டிட்டு உட்கார்ந்திருப்பாங்க. டெக்னீஷியன் வந்து பார்த்தாதான் ஓடும். அந்த டெக்னீஷியன், குவாலிட்டி பார்க்கிறவங்க, புரோகிராம் போடறவங்க எல்லாம் டிப்ளமோ, ஐ.டி.ஐ. படிச்சவங்க. நிறையப் பேர் வெளியூர்ல இருந்து வந்து ரூம் எடுத்துத் தங்கியிருக்காங்க. லைன்ல இருக்கிற பொண்ணு அஞ்சு வருஷம் ஆனாலும் அந்த நாற்காலியிலதான் இருப்பா. காண்ட்ராக்ட் முடிஞ்சா அதுவும் இல்ல."

"அப்போ பிளஸ் டூ முடிச்ச பொண்ணு அந்த வேலைக்கு வரவே முடியாதா?" என்றேன்.

"வரலாமே! இன்னும் ரெண்டு வருஷம் படிச்சா போதும் ஆன்ட்டி" என்றாள்.

இரண்டே வருஷம்! இது எனக்குப் புதுச் செய்தி. டிப்ளமோ என்றால் பத்தாவது முடித்து மூன்று வருஷம் என்று மட்டும்தான் தெரியும். பிளஸ் டூவில் கணக்கு, இயற்பியல், வேதியியல் எடுத்தவர்களும், தொழிற்பாடம் எடுத்தவர்களும் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருஷத்திலேயே சேரலாமாம். 'லேட்டரல் என்ட்ரி' என்கிறார்கள். அதன் பிறகு விருப்பமும் மார்க்கும் இருந்தால் பி.இ. படிப்பிலும் நேராக இரண்டாம் வருஷம் சேரலாம்.

நம் ஊருக்கே வந்த தொழில்

எங்கள் பக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கிருஷ்ணகிரி 2004-இல்தான் தர்மபுரியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமாயிற்று. மாங்காய், ராகி, புளி, பூ என்று வாழ்ந்த வறண்ட பூமி. 2011 மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாடு முழுவதும் நூற்றுக்கு 80 பேர் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். தர்மபுரியில் 68 பேர்தான். மாநிலத்திலேயே கடைசி இடம். கிருஷ்ணகிரியில் 71. பதினெட்டு வயசு நிரம்பும் முன்பே பெண்ணுக்குக் கல்யாணம் பேசும் வழக்கம் இந்தப் பக்கத்தில் இன்னும் முழுசாகப் போகவில்லை.

இப்படிப்பட்ட இடத்தில்தான் 1970-களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. லாரி, மோட்டார் சைக்கிள் தொழிற்சாலைகள் வந்தன. 1984-இல் டிட்கோவும் டாட்டாவும் சேர்ந்து டைட்டன் கம்பெனியை ஆரம்பித்து ஓசூரில் கைக்கடிகாரத் தொழிற்சாலை வைத்தபோது, சுற்று வட்டாரப் பள்ளிகளில் படித்த இளம் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, அவர்களுக்கு நுட்பமான அந்த வேலையைக் கற்றுக் கொடுத்தார்கள். கடிகாரத்தைக் கையில் கட்டியே பார்த்திராத கிராமத்துப் பிள்ளைகள் கடிகாரம் செய்யக் கற்றுக்கொண்டார்கள். கற்றுக் கொடுத்தால் நம் பிள்ளைகளுக்கு வராதது இல்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இப்போது ஓசூர் பக்கம் செல்போன் பாகங்கள், போச்சம்பள்ளிப் பக்கம் மின்சார ஸ்கூட்டர் என்று காலம் மாறிவிட்டது. இந்தியாவில் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். இது பெருமைதான். ஆனால் அவர்களில் எத்தனை பேர் லைனில் இருக்கிறார்கள், எத்தனை பேர் மெஷினைத் திறந்து பார்க்கிறார்கள் என்று நாம் கேட்க வேண்டும். தொழிற்சாலை நம் ஊருக்கு வந்துவிட்டது. அதில் நல்ல சம்பளமுள்ள வேலையும் நம் ஊர்ப் பெண்களுக்கு வர வேண்டுமென்றால், பிளஸ் டூவுக்கு மேல் ஒரு படிப்பு வேண்டும். படித்த கைகள் உள்ளூரிலேயே கிடைத்தால்தான் இன்னும் நாலு தொழிற்சாலை நம்மைத் தேடி வரும்.

அடுப்படியில் போட்ட கணக்கு

இரண்டு நாள் கழித்துப் பூக்காரம்மா வந்தபோது, அவளை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டோம்.

கம்பெனியில் சொன்ன சம்பளம் ரூ.12,000. பிடித்தம் போகக் கைக்கு வருவது சுமார் பத்தரை ஆயிரம். இரண்டு வருஷம் படித்தால் அந்த இரண்டு வருஷச் சம்பளம் போய்விடும், அது நிஜம். மறைக்கக் கூடாது. சரி, படிப்புக்கு என்ன செலவு? அரசு பாலிடெக்னிக்கில் கட்டணம் வருஷத்துக்குச் சில ஆயிரம்தான். பஸ்ஸுக்குப் பாஸ் உண்டு. ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்த பெண், மேல்படிப்பு படித்தால் மாதம் ரூ.1,000 அவள் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கே வரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5-ஆம் தேதி தொடங்கியிருந்தது.

இந்தத் திட்டத்தின் முன்கதை நம் எல்லோருக்கும் தெரிய வேண்டியது. தேவதாசி முறையை எதிர்த்துப் போராடிய மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989-இல் ஒரு திருமண உதவித் திட்டம் வந்தது. ஓரளவு படித்த ஏழைப் பெண்ணின் கல்யாணத்துக்கு அரசு பணம் கொடுத்தது. பிற்பாடு தாலிக்குத் தங்கமும் கொடுத்தார்கள். அந்தப் பணத்துக்காகவே பெண்ணைப் பத்தாவது வரை படிக்க வைத்த குடும்பங்கள் எங்கள் பக்கத்தில் உண்டு. 2022-இல் அதே அம்மையார் பெயரில் அது உயர்கல்வி உறுதித் திட்டமாக மாறியது. முன்பு கல்யாணத்தன்று வந்த பணம், இப்போது படிக்கும்போது வர ஆரம்பித்தது.

எல்லாம் கேட்டுவிட்டுப் பூக்காரம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ரெண்டு வருஷம் நான் இன்னொரு தெரு சேத்து நடந்தா ஆச்சு. ஆனா ஓரகத்தி ஒத்துக்க மாட்டாக்கா" என்றாள்.

அப்படியேதான் நடந்தது. ஓரகத்தி வீட்டில் கடன் இன்னும் அதிகம். அந்தப் பெண் எடுத்ததும் வணிகவியல் குரூப், பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருஷம் சேர முடியாது. அவள் திங்கட்கிழமை வேனில் ஏறினாள். இவள் ஜூலையில் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் சேர்ந்தாள். ஒரே வீட்டு வாசலிலிருந்து இரண்டு பெண்கள் இரண்டு பக்கம் போனார்கள்.

சுலபமாக இருக்கவில்லை

முதல் ஆறு மாதம் பூக்காரம்மா என்னைத் திட்டாத குறைதான். ஓரகத்தி வீட்டில் புது கிரைண்டர் வந்தது, பீரோ வந்தது. இவள் வீட்டில் பரீட்சைக் கட்டணம் கேட்டு மகள் நின்றாள். பாடம் எல்லாம் இங்கிலீஷ். முதல் பரீட்சையில் இரண்டு பேப்பரில் பெயில். "நான் கம்பெனிக்கே போறேம்மா" என்று அழுதாளாம்.

அதற்கு மேல் உடம்பும் படுத்தியது. மயக்கம் வருகிறது, படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றாள். அரசு ஆஸ்பத்திரியில் ரத்தம் பரிசோதித்தால் ஹீமோகுளோபின் 8. காலையில் ஆறரை பஸ்ஸைப் பிடிக்க வெறும் டீயைக் குடித்துவிட்டு ஓடியிருக்கிறாள். இது அவள் ஒருத்தி கதை மட்டுமில்லை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்த சோகை. படிக்கப் போகும் பெண்ணும் சரி, வேலைக்குப் போகும் பெண்ணும் சரி, காலையில் சாப்பிடாமல் படி இறங்கக் கூடாது. டாக்டர் இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தார். டீ, காப்பியோடு அதைச் சாப்பிடக் கூடாது, சத்து உடம்பில் சேராது என்றார். நான் சொன்னது நம் பக்கத்துச் சாப்பாடுதான்: ராத்திரியே கிண்டி வைத்த ராகிக் களியைக் காலையில் மோரில் கரைத்து ஒரு சொம்பு, மத்தியானத்துக்கு முருங்கைக் கீரைப் பொரியல், பையில் இரண்டு கடலை உருண்டை, ஒரு நெல்லிக்காய். நாலு மாதத்தில் முகம் தெளிந்தது.

இதற்கு நடுவில் ஒரு வரனும் வந்தது. மாப்பிள்ளைக்குப் பெங்களூரில் வேலை, "பொண்ணு படிச்சது போதும்" என்றார்களாம். பூக்காரம்மா என்னிடம் யோசனை கேட்கவில்லை. அவளே சொல்லிவிட்டு வந்தாள்: "இன்னும் ஒரு வருஷம் இருக்குதுங்க. முடிக்கட்டும். அதுக்கப்புறமும் உங்களுக்கு இஷ்டம் இருந்தா வாங்க."

அன்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். என் அம்மா பேசாத வார்த்தையை அவள் பேசிவிட்டாள்.

இரண்டு பெண்களும் இப்போது

2025-இல் மகள் டிப்ளமோ முடித்தாள். பெயிலான இரண்டு பேப்பரையும் மறுபடி எழுதிப் பாஸ் பண்ணிவிட்டாள். ஓசூர் பக்கத் தொழிற்சாலை ஒன்றில் மெஷின் பராமரிப்புப் பகுதியில் பயிற்சிக்கு எடுத்தார்கள், பிறகு அங்கேயே வேலையும் கொடுத்தார்கள். சம்பளம் லைன் வேலையைவிடக் கூட. ஆனால் அவள் முதலில் என்னிடம் சொன்னது சம்பளத்தை இல்லை.

"பெரியம்மா, நேத்து ஒரு மெஷின் நின்னுடுச்சு. லைன்ல இருந்த அக்கா கை தூக்கினாங்க. நான்தான் போய்ப் பார்த்தேன். சென்சார் ஒண்ணு தூசி அடைச்சிருந்தது. பத்து நிமிஷத்துல ஓட விட்டுட்டேன்!"

ஓரகத்தி மகள்? அவளைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. இரண்டு வருஷம் உழைத்து வீட்டுக் கடனை அடைத்தவள் அவள். ஆனால் காண்ட்ராக்ட் முடிந்ததும் வேறு இடத்தில் அதே வேலை, அதே ஆரம்பச் சம்பளம் என்றார்கள். சோர்ந்து போய் வீட்டில் உட்கார்ந்திருந்தாள். இந்தத் தடவை யோசனை சொன்னது அவள் தங்கைதான்: "அக்கா, ஐ.டி.ஐ. போ. பத்தாவது பாஸ் போதும், குரூப் கேட்க மாட்டாங்க."

அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் இல்லை, மாதம் ரூ.750 உதவித் தொகையும் உண்டு என்று தெரிந்தபோது ஓரகத்தியும் சம்மதித்தாள். 2023-இல் தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.க்களை ரூ.2,877 கோடி செலவில் புதுப்பித்திருக்கிறார்கள். பழைய லேத், பிட்டர் பட்டறையோடு ரோபோ, கம்ப்யூட்டர் மெஷின், மின்சார வண்டி எல்லாம் சொல்லித் தருகிறார்கள். இரண்டு வருஷ ஐ.டி.ஐ. முடித்தால் அங்கிருந்தும் டிப்ளமோ இரண்டாம் வருஷத்துக்குப் போகலாம். ஒரு கதவு மூடினால் இன்னொன்று இருக்கிறது; எங்கே என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலோ, உங்களுக்குத் தெரிந்த வீட்டிலோ பிளஸ் டூ முடிக்கப் போகும் பெண் இருந்தால், நான் கற்றுக்கொண்ட சில விஷயங்கள்:

1. ரிசல்ட் வரும் வரை காத்திருக்க வேண்டாம். பாலிடெக்னிக், ஐ.டி.ஐ., கலைக் கல்லூரி எல்லாவற்றுக்கும் விண்ணப்பம் பெரும்பாலும் மே மாதத்தை ஒட்டியே வந்துவிடும். ஏப்ரலிலேயே நேரில் போய் விசாரியுங்கள்.

2. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், குடும்பத்தில் யாரும் பட்டம் பெறவில்லை என்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழ், இவற்றை இ-சேவை மையத்தில் முன்கூட்டியே வாங்கி வையுங்கள். முதல் பட்டதாரிக்குத் தொழிற்கல்வியில் கல்விக் கட்டணச் சலுகை உண்டு.

3. பெண்ணின் பெயரில் வங்கிக் கணக்கு இருக்கட்டும், அதில் ஆதார் இணைந்திருக்கட்டும். உதவித் தொகைக்குக் கல்லூரியில் பொறுப்பான ஆசிரியர் யார் என்று சேர்ந்த அன்றே கேளுங்கள்.

4. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத இட ஒதுக்கீடு 2021-இல் வந்தது. நல்ல மார்க் இருந்தால் அதை விட்டுவிடாதீர்கள்.

5. உடனே சம்பளம் வேண்டும் என்ற நிலைமை இருந்தால் வேலைக்கு அனுப்புங்கள், அதில் தப்பில்லை. ஆனால் "இத்தனை மாதம், பிறகு படிப்பு" என்று ஒரு கெடு வைத்து அனுப்புங்கள். சம்பளத்தில் ஒரு பங்கு அந்தப் படிப்புக்கென்று அவள் கணக்கிலேயே இருக்கட்டும்.

6. கல்யாணம் ஆகிவிட்டது, குழந்தை பிறந்துவிட்டது என்று நினைக்கும் இளம் தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. தமிழ்நாட்டு அரசு ஐ.டி.ஐ.யில் சேரப் பெண்களுக்கு உச்ச வயது வரம்பு கிடையாது. குழந்தை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் நீங்களும் போகலாம்.

நம் மாநிலத்தில் மேல்படிப்புக்குப் போகிறவர்கள் கணக்கு நல்ல கணக்குத்தான். 2021-22 கணக்கெடுப்பில் நாடு முழுவதும் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 28.4 சதவீதம், தமிழ்நாட்டில் 47 சதவீதம். பாதியைத் தொட இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. ஆனால் மிச்சமிருப்பவர்கள் யார்? பூக்காரம்மா வீட்டுப் பெண்ணும், அவள் ஓரகத்தி வீட்டுப் பெண்ணும் மாதிரிப் பிள்ளைகள்தான். ரிசல்ட் வந்த வாரத்தில், அடுப்படியிலோ திண்ணையிலோ நாம் சொல்லும் ஒரு வார்த்தையில் அவர்கள் வழி மாறிவிடுகிறது.

போன வெள்ளிக்கிழமை பூக்காரம்மா வந்தாள். ஒரு முழம் மல்லிகையை அளந்து கொடுத்துவிட்டு, காசு வாங்காமல் கிளம்பினாள்.

"ஏய், காசு?" என்றேன்.

"இருக்கட்டும்கா. பையன் அடுத்து பிளஸ் டூ முடிக்கிறான். அவனுக்கும் அந்தக் காலண்டர் தாள்ல கணக்குப் போட்டுக் குடுங்க" என்று சிரித்துக்கொண்டே கூடையைத் தூக்கினாள்.